பொதுவழியும் தன் கடமையும்

முன்னாளில் மாணவர் விடுதியொன்றிற்கு ஒரே தொலைபேசிதான் இருக்கும். மணியொலித்தால் எல்லோரும் செவிசாய்ப்பர்; அழைப்பு தமக்கன்று என அறிந்தவர் ஒதுங்கிக்கொள்வர். கணனியின் உள்ளும் இந்நிலை உண்டு.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணனியிற் குறுக்கீட்டு வழிகள் எட்டே இருந்தன. சாதனங்கள் பெருகின. 1992இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த பி.சி.ஐ. இணைப்புமுறை, ஒரே வழியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ள இடமளித்தது. வழியிற் குறுக்கீடு எழுந்ததும், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கேர்னல், அங்கு பதிந்துள்ள சாதன இயக்கிகள் ஒவ்வொன்றையும் அழைக்கும். 'என்னுடையது' என்றோ 'என்னுடையதன்று' என்றோ அவை விடையளித்தல் வேண்டும்.

இளம் பொறியியலாளர் ஒருவர் அளவீட்டு அட்டையொன்றிற்கு இயக்கி எழுதினார். தமது கணனியில், வழியைப் பங்கிடுவார் எவருமின்றி, அது மாதக்கணக்கிற் பழுதின்றி இயங்கியது. ஆய்வுகூடக் கணனியில் வலையமைப்பு அட்டையும் அதே வழியில் அமைந்தது. ஓரிரவு கணனி உறைந்து, சேமிக்கப்படாத அளவீடுகள் யாவும் அழிந்தன. குற்றம் அயல் அட்டையினுடையதென்றே அவர் பல நாள் நம்பினார்.

உண்மை வேறாயிருந்தது. பணியற்ற வேளையில் அவரது அட்டையின் மின் துண்டிக்கப்பட்டிருந்தது. அயல் அட்டையின் குறுக்கீட்டுக்கு அவரது இயக்கியும் அழைக்கப்பட்டது. உறங்கும் அட்டையின் நிலைப் பதிவகத்தைப் படித்தால் எல்லா இருமங்களும் 1 ஆகவே திரும்பும். இயக்கியோ எல்லாப் பணியும் தனக்கே உரியதெனக் கொண்டு, பதிவகம் சுழியாகும்வரை மீண்டும் மீண்டும் படித்தது. அது சுழியாகவேயில்லை.

திருத்தம் சில வரிகளே. எல்லா இருமமும் 1 எனினும், சுழியெனினும், 'என்னுடையதன்று' என மீளுதல். தன் இருமம் எழுந்திருந்தால் மாத்திரம் சாதனத்தை அமைதிப்படுத்திப் பணியை ஏற்றல். மீளப் படித்தலுக்கு ஒரு வரம்பிடுதல்.

இவ்விடையிற் பொய் கூடாது. 100,000 குறுக்கீடுகளுள் 99,900க்கு மேற்பட்டவற்றை எவரும் ஏற்காவிடின், கேர்னல் அவ்வழியையே அடைத்துவிடும். குற்றமற்ற அயற் சாதனமும் அதனால் ஊமையாகும். மாறாக, அனைத்தையும் தனதென உரைக்கும் இயக்கி ஒன்று இருப்பின், பழுதுற்ற சாதனம் ஓயாது கூவினும் கேர்னல் அதனை உணரமாட்டாது.

இயக்கியின் பதிவை நீக்கும் வேளையில் வேண்டுமென்றே பொய்யழைப்பு விடுக்கும் சோதனை வசதியொன்றும் கேர்னலில் உண்டு. அவர் அன்றுதொட்டு அதனை இயக்கிப் பார்த்த பின்னரே தமது இயக்கியைப் பிறர் கையிற் கொடுக்கிறார்.