சம்பவத் திரட்டில் இடம்பெறாத பெயர்கள்

இலங்கைப் பாடசாலைகளில் அதிபரின் பொறுப்பில் இருக்கும் தடித்த பதிவேடொன்றுக்குச் சம்பவத் திரட்டு என்று பெயர். பாடசாலையில் நிகழ்ந்த முக்கிய நிகழ்வுகளும் வந்து சென்ற அதிகாரிகளின் கருத்துகளும் நாள்வாரியாக அதில் எழுதப்படுகின்றன. பின்வரும் குறிப்புகள் அவ்வேட்டின் நாள்வரிசையைப் பின்பற்றுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் தரம் 1 முதல் தரம் 5 வரை, அதாவது ஐந்து வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் தமிழ்மொழி மூலம் பயிலும் ஆரம்பப் பிரிவுகளில், விளையாட்டும் கலையும் தலைமைப் பயிற்சியும் ஓராண்டில் எவ்வாறு வந்து போகின்றன என்பதைப் பதிவதே இவற்றின் நோக்கமாகும்.

ஜனவரி, முதலாம் தவணைத் தொடக்கம்

தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் விழாவைக் கால்கோள் விழா என்பர். கால்கோள் என்பது தொடக்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல். இவ்விழாவில் தரம் 2 பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மாலையிட்டுக் கைபிடித்து மண்டபத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். சென்ற ஆண்டு அதே வாசலில் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நின்ற பிள்ளை, இன்று தன்னிலும் ஒரு வயது இளைய பிள்ளையின் பயத்துக்குப் பொறுப்பேற்கிறது. தலைமைத்துவம் பற்றிப் பின்னர் எத்தனையோ உரைகள் நிகழ்த்தப்பட்டாலும், ஆரம்பப் பாடசாலையின் ஆண்டு முழுவதிலும் இதைவிடத் தூய தலைமைப் பயிற்சியைக் காண்பது அரிது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைக்கும் நிகழ்வு என்பதே இதன் சிறப்பு. எவரையும் தெரிவு செய்வதுமில்லை, விலக்குவதுமில்லை.

பெப்ரவரி, இல்ல விளையாட்டுப் போட்டி

பெப்ரவரி 4 சுதந்திர தினம் கழிந்ததும் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடுகின்றன. இல்லம் என்னும் சொல் இங்கு வீட்டைக் குறிப்பதன்று. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் மாணவர் தங்கிய விடுதிகள் தமக்குள் போட்டியிட்ட வழக்கம், குடியேற்றக் காலக் கல்லூரிகள் வழியாக இலங்கைக்கு வந்து, விடுதியே இல்லாத கிராமப் பாடசாலைகளிலும் மாணவரை அணிகளாகப் பிரிக்கும் ஏற்பாடாக நிலைபெற்றது. வந்த வடிவம் அயலதாயினும் பெயர்கள் மண்ணுக்குரியவை ஆயின. நாவலர், இராமநாதன், விபுலாநந்தர் என்னும் பெயர்களைத் தாங்கிய இல்லங்கள் பல பாடசாலைகளில் உள்ளன. எனினும் பெரும்பாலான சிறுவர் தம் இல்லத்தை அதன் நிறத்தாலேயே அறிகின்றனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், சிறுவர் படிப்பதற்கெனப் பாலபாடங்களை எழுதியவர் என்பதைச் சிவப்புக் கொடியோடு ஓடும் பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் பயிற்சி அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

ஆரம்பப் பிரிவுக்குரிய போட்டிகள் வேடிக்கை போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் உடலுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. தவளைப் பாய்ச்சல் கால்களுக்கு வலுவூட்டுகிறது. சாக்கோட்டம் தடுமாறி எழப் பழக்குகிறது. கரண்டிக் காம்பைப் பல்லால் கடித்துத் தேசிக்காய் விழாமல் நடக்கும் ஓட்டத்தில் விரைவைவிட நிதானமே வெல்லும் என்பதைப் பிள்ளை தன் கழுத்தாலும் கண்ணாலும் அறிந்துகொள்கிறது. இவற்றுள் முதலிடம் பெறத்தக்கது அஞ்சலோட்டம். ஒருவர் ஓடிவந்து கொடுக்கும் கோலை அடுத்தவர் வாங்கி ஓடும் இப்போட்டியில், தன் அணியில் மெதுவாக ஓடுபவருக்காகக் கையைப் பின்னால் நீட்டியபடி காத்து நிற்கவேண்டிய கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் பிள்ளை கற்பதை எந்தப் பாடநூலாலும் கற்பிக்க இயலாது.

ஆயினும் கவனத்துக்குரிய குறை ஒன்று இவ்விழாவின் நடுவிலேயே இருக்கிறது. பிள்ளைகள் நிறைந்த பெரிய பாடசாலைகளில், விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே நடைபெறும் தெரிவுப் போட்டிகளில் பெரும்பாலோர் விலக்கப்பட்டுவிடுகின்றனர். விழா நாளன்று அவர்கள் ஓலையாலும் கடதாசிப் பூக்களாலும் அலங்கரித்த இல்லக் கூடாரத்தின்கீழ் அமர்ந்து, ஓடுபவர் சிலருக்காகக் கைதட்டுகின்றனர். மாறாக, ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் பயிலும் சிறு பாடசாலையில் அணியை நிரப்புவதற்கே எல்லாரும் தேவைப்படுவதால், கால் தடுக்கும் பிள்ளையும் ஓடுகிறது. வளக்குறைவு என்று அறிக்கைகளில் எழுதப்படும் அந்நிலையே விளையாட்டின் நோக்கத்தை நிறைவேற்றிவிடுகிறது. பெரிய பாடசாலைகள் இதனைத் திட்டமிட்டே செய்யவேண்டும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போட்டியேனும் கட்டாயம் என்று விதி வகுப்பது அதிபரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று.

வெயில் பற்றியும் எழுதவேண்டியுள்ளது. சிறுவரின் உடற்பருமனோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு அதிகமாதலால், கடும் வெப்பத்தில் அவர்களது உடல் விரைவாகச் சூடேறுகிறது. அணிநடை, அதாவது கொடியேந்தி அடியொத்து நடக்கும் அணிவகுப்பு, பார்ப்பதற்கு அழகானதே. ஆனால் அதற்கான ஒத்திகையை உச்சிவேளையில் நடத்துவதும், விருந்தினர் உரைகள் முடியும்வரை ஆறு வயதுப் பிள்ளைகளைத் திறந்த வெளியில் நிறுத்திவைப்பதும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கனவல்ல.

மார்ச், வகுப்புத் தலைவர்

ஆசிரியர் இல்லாத வேளையில் கதைத்தவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதே பல வகுப்புகளில் தலைவரின் முதற் பணியாக இருக்கிறது. இதனால் தலைவர் சக பிள்ளைகளின் குற்றங்களைக் குறிப்பவராகிறார். மற்றவர்கள் அவருக்கு அஞ்சவோ அவரை வசப்படுத்தவோ கற்றுக்கொள்கின்றனர். பெரும்பாலும் கூடிய புள்ளி பெறும் பிள்ளையே இப்பதவிக்குத் தெரிவாகி ஆண்டு முழுவதும் அதில் நீடிப்பதால், ஏனையோர் தலைமை என்பது வேறு யாருக்கோ உரியது என்னும் முடிவுக்கு ஏழு வயதிலேயே வந்துவிடுகின்றனர்.

இதற்கு மாற்றுவழி பல வகுப்பறைகளில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. வாரந்தோறும் பொறுப்புகளைச் சுழற்றும் ஆசிரியர், பூஞ்சாடிகளுக்கு நீரூற்றுவது, வாசிப்பு மூலையின் புத்தகங்களை அடுக்குவது, உணவு வழங்கப்படும் வேளையில் கைகழுவும் வரிசையைக் கவனிப்பது, வராத பிள்ளைக்கு அன்றைய பாடத்தை எடுத்துச் சொல்வது எனச் சிறு பணிகளாகத் தலைமையைப் பிரித்துக் கொடுக்கிறார். காலைப் பிரார்த்தனையின்போது ஒரு பிள்ளை முன்வந்து கூறும் சில வரிகளுக்கு நற்சிந்தனை என்று பெயர். அந்த வாய்ப்பும் இடாப்பு, அதாவது வரவுப் பதிவேட்டின் ஒழுங்குப்படி வழங்கப்பட்டால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் முறையும் தவறாமல் வரும்.

குருளைச் சாரணர் இயக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. குருளை என்பது தொல்காப்பிய மரபியல் விலங்கின் குட்டிக்கு வழங்கும் இளமைப் பெயர்களுள் ஒன்று. சாரணரின் இளைய பிரிவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது கடினம். 1912இல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணியத்தின் இப்பிரிவில், ஆறு பேர் கொண்ட சிறு அணிக்கு ஒரு தலைவர் என்பதே அடிப்படை அலகாகும். ஆறு பேர் என்பது, எட்டு வயதுப் பிள்ளை எல்லாரையும் பெயரறிந்து கவனிக்கக்கூடிய எண்ணிக்கை.

ஜூலை, ஆடிப்பிறப்பு

ஆடி முதல் நாள் நெருங்கும்போது, யாழ்ப்பாணத்து ஆரம்ப வகுப்புகளில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் ஒலிக்கத் தொடங்குகிறது. கூழும் கொழுக்கட்டையும் பாட்டில் மட்டுமன்றி வகுப்பறையிலும் இடம்பெறும் நாள் அது; பனங்கட்டியின் மணம் பாடத்தின் பொருளாகவே ஆகிவிடுகிறது.

தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பேச்சும் பாவோதலும் பாடசாலையிலிருந்து கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாகத் தேசிய மட்டம்வரை செல்கின்றன; கோட்டம், வலயம் என்பன கல்வி நிருவாகத்தின் சிறிய, பெரிய பிரிவுகளாகும். இப்போட்டிகளில் பெரியவர் எழுதிய உரையைப் பெரியவரின் குரலேற்ற இறக்கங்களோடு ஒப்புவிக்கும் பிள்ளைகளே மிகுதியாகக் காணப்படுகின்றனர். அவ்வுரையில் பிள்ளையின் சொல் ஒன்றுகூட இல்லாதபோது, அங்கே மதிப்பிடப்படுவது பிள்ளையின் நினைவாற்றலும் வீட்டாரின் உழைப்புமே.

சிறுவர் அரங்கு இதற்கு நேர்மாறானது. பெரியவர் நாடகத்தைச் சிறுவர் நடித்துக் காட்டுவதே அரங்கென்று கருதப்பட்ட நிலையை மாற்றிச் சிறுவரின் உலகத்தையே மேடையாக்கியவர்களுள் குழந்தை ம. சண்முகலிங்கமும் சி. மௌனகுருவும் முதன்மையானவர்கள். முன்னவரின் ‘கூடி விளையாடு பாப்பா’, பின்னவரின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியன ஈழத்துச் சிறுவர் நாடகத்தில் நிலைத்த பெயர்கள். இவ்வகை அரங்கின் பெருந்தன்மை என்னவெனில், மரமாகவும் முயலாகவும் பாட்டுக் குழுவாகவும் ஒரு வகுப்பு முழுவதையுமே மேடையேற்ற அதில் இடமிருக்கிறது.

ஓகஸ்ட், புலமைப்பரிசில் பரீட்சை

தரம் 5 பிள்ளைகள் இவ்வேட்டின் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து மெல்ல மறைந்துபோவதன் காரணம் இப்பரீட்சையே. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் உணர்விலிருந்து பிறந்தது இது. கிராமத்து வறிய பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடுவதே அதன் கருத்து. இன்றோ பத்து வயதுப் பிள்ளையின் மாலைநேரத்தைத் தனியார் வகுப்புகள் எடுத்துக்கொள்ள, நடனத்துக்கும் ஓட்டத்துக்கும் பெயர் கொடுக்கப் பெற்றோர் தயங்குகின்றனர்.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்து, வழிகாட்டலுடனான விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்று கற்றல் முறைகளையும் நிலைக்கேற்ற அளவில் கலக்கச் சொன்னது. தரம் 5இல் எழுத்து வேலை கூடலாம் என்று அது கருதியது உண்மையே. ஆனால் விளையாட்டை நிறுத்தும்படி அது எவ்விடத்திலும் கூறவில்லை. பரீட்சையின் பெயரால் ஓராண்டு ஓட்டத்தைப் பறிப்பது சீர்திருத்தத்துக்கும் பிள்ளைக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.

ஒக்டோபர், வாணி விழா

ஒக்டோபர் 1 சிறுவர் தினமாகவும் 6 ஆசிரியர் தினமாகவும் கொண்டாடப்பட, நவராத்திரியும் பெரும்பாலும் இவற்றை ஒட்டியே வருகிறது. கும்பம் வைப்பது, கோலமிடுவது, அவலும் கடலையும் பகிர்வது என நவராத்திரியையொட்டிப் பாடசாலையில் எடுக்கப்படும் வாணி விழாவின் வேலைகள் சிறு கைகளுக்கு ஏற்றவை. போட்டியில்லாத விழாவாதலால் அழுகின்ற முகங்களும் குறைவு.

டிசெம்பர், ஒளி விழா

மூன்றாம் தவணை முடியுமுன் நடைபெறும் கிறிஸ்து பிறப்பு விழாவான ஒளி விழாவில் இடையர்களாகவும் வானதூதர்களாகவும் பல பாடசாலைகளில் சைவப் பிள்ளைகளும் வேடம் தரிக்கின்றனர். தரம் 5 பிள்ளைகள் இத்துடன் விடைபெறுகின்றனர்.

ஆண்டு முடிவில் சம்பவத் திரட்டைப் புரட்டினால் வெற்றி பெற்ற இல்லம், பிரதம விருந்தினர், மாகாண மட்டத்துக்குச் சென்ற பிள்ளை ஆகியோரின் பெயர்கள் தென்படும். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஓடாத, மேடையேறாத, ஒரு பொறுப்பையும் ஏற்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் கணக்கு மட்டும் அதில் இருக்காது. அடுத்த ஆண்டு அந்த ஏட்டில் இதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்குமாறு அதிபர்களை வேண்டிக்கொள்வது மிகையாகாது. அப்பக்கத்துக்குத் தேவையான பெயர்கள் அனைத்தும் வகுப்பு இடாப்பில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன.