டயருக்கு ஜாதகம் பார்த்த கதை

பி.காம். படித்தவனுக்கு இரண்டு விஷயங்கள் கண்டிப்பாகத் தெரியும். ஒன்று, பற்று எது, வரவு எது என்பது. இரண்டு, 'தள்ளுபடி' என்று யாராவது மெல்லச் சொன்னாலும் காது தானாக விடைத்துக்கொள்ளும் என்பது. முதலாவது எனக்குக் கொஞ்சம் மறந்துவிட்டது. இரண்டாவது மறக்கவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

என் மைத்துனனுக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை. பதினாறு தறி. காலையில் கண் விழிப்பதிலிருந்து 'டக்கடக்கடக்' சத்தத்திலேயே வாழ்கிறவன். 2023-ல் திடீரென்று ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நின்றான். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார்! இரண்டே இரண்டு ஸீட். தரைக்கும் காருக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம், எழுந்திருக்க முடியாது. அதற்குள் ஏறுவதற்கு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். இறங்குவதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும்.

"இதுல எப்படிடா குடும்பத்தோட போவே?" என்றேன்.

"குடும்பத்தோட போறதுக்கா மாமா இதை வாங்கினேன்?" என்றான். நியாயமான பதில். என் மனைவி முறைத்ததால் நான் சிரிக்கவில்லை.

இந்தக் காரின் அதிகபட்ச வேகம் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு போகும்போது, முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் பேப்பர் மில்லுக்குப் போகும் ஒரு லாரி. வேகம் மணிக்குப் பன்னிரண்டு. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

காரின் பழைய டயர்களை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். "மாமா, நீங்க வாங்க. பேரம் பேசறதுல உங்களை மிஞ்ச ஆளில்லை" என்றான் மைத்துனன். பள்ளிபாளையம் சிக்கனுக்கு வத்த மிளகாய் எத்தனை போட வேண்டுமோ அத்தனை ஐஸ் வைத்தான். நான் உருகிவிட்டேன்.

பெருநகரம் ஒன்றில் பெரிய டயர் கடை. ஊரும் பேரும் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., காபி எல்லாம் உண்டு. இந்த மாதிரிக் கார்களுக்கு முன் டயர் ஒரு சைஸ், பின் டயர் இன்னும் அகலமான வேறொரு சைஸ் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. டயரின் பக்கவாட்டில் கடைசியாக 'ஒய்' என்று ஓர் எழுத்து. அப்படி இருந்தால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்குமாம். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் போவதற்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முன் டயர்களுக்கு ஒரு பைசா குறைக்கவில்லை மனிதர். ஆனால் பின் டயர் பேச்சு வந்ததும் முகம் மலர்ந்தது. "ஒண்ணு இருபத்து நாலாயிரம் சார். ரெண்டு நாப்பத்தெட்டு. ஆடி மாசம்... உங்களுக்காக முப்பது பர்சென்ட் தள்ளுபடி."

காது விடைத்துக்கொண்டது. 14,400 ரூபாய் மிச்சம்! பின் டயருக்கு மட்டும் ஏன் இத்தனை பாசம் என்று ஒரு கணக்குப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஈரோட்டு ஜவுளிக் கடைகளில் ஆடித் தள்ளுபடிக்கு முண்டியடித்த பரம்பரையாயிற்றே!

வீடு வந்ததும் அந்த 14,400-ஐத் தெருவுக்கே சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் அப்புச்சி. என் மனைவியின் தாய்வழித் தாத்தா. எண்பது தாண்டியவர். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் பாதிப் பேர் லாரியில் பிறந்து லாரியில் வளர்ந்தவர்கள்தான். அப்புச்சி அதில் மூத்த தலைமுறை.

காரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து டயரைத்தான் பார்த்தார். கையால் தடவினார். "வெளிப்பக்கம் ஒண்ணையும் காணமே. தேதி உள்ளார போயிருச்சாட்ட இருக்குது. டேய் பையா, டார்ச் லைட் கொண்டா" என்றார்.

மைத்துனன் காருக்கு அடியில் படுத்தான். (பூனைக்கே இடமில்லை என்று சொன்னேன் அல்லவா? ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.) உள்ளே இருந்து குரல் வந்தது.

"டி ஓ டி-ன்னு போட்டு என்னென்னமோ இருக்குதுங்க அப்புச்சி."

"அதெல்லாம் விடு. கடைசீல முட்டையாட்ட ஒரு கட்டம் இருக்கும். அதுக்குள்ள நாலு நம்பர் சொல்லு."

"ஒண்ணு, அஞ்சு, ஒண்ணு, ஏழு."

அப்புச்சி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது சித்திரைக் கனிக்குப் பொறந்த புள்ளை. ஆனா ஆறு வருஷத்துக்கு முந்தின சித்திரை!"

விஷயம் இதுதான். அந்த நாலு எண்களில் முதல் இரண்டு, வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்று சொல்லும். அடுத்த இரண்டு, எந்த வருஷம் என்று. 1517 என்றால் 2017-ம் ஆண்டின் 15-வது வாரம். ஏப்ரல் நடு. ஹேவிளம்பி வருஷம் பிறந்த வாரம்! முன் டயர்களைப் பார்த்தோம்: 0923. அதாவது 2023 மார்ச் தொடக்கம். மாசி மாதத்துக் கைக்குழந்தைகள். ஒரே காரில் முன்னால் பால்குடி, பின்னால் பள்ளிக்கூடம் போகும் வயது!

2000-க்கு முன்னால் இன்னும் வேடிக்கை. அப்போது மூன்றே எண்கள்தான். வாரம் இரண்டு, வருஷத்துக்கு ஒன்று. 158 என்றால் 1988-ஆ, 1998-ஆ என்று குழம்ப வேண்டியதுதான்.

"மாமா, இது ஓடவே இல்லீங்களே! ரப்பர் மீசை கூட உதிரலை பாருங்க" என்றான் மைத்துனன். புது டயரில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதைச் சொல்கிறான். டயர் ரோட்டில் ஓடவில்லை என்பதற்குத்தான் அந்த மீசை சாட்சி. வயதுக்கு அல்ல. மீசை இருப்பதாலேயே இளைஞன் என்று சொல்ல முடியுமா?

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். ஆனால் அதோடு கதை முடிவதில்லை. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் ரப்பரோடு மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கிறது. ரப்பர் இறுகுகிறது, பிடிப்புப் போகிறது. ஓசோன் பட்டால் மேலே மெல்லிய வெடிப்பு விழும். இதைத் தடுக்கத்தான் டயருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது அவை மேலே வந்து காப்பாற்றும். சும்மா கிடக்கும் டயரில் அவ்வளவாக வராது. மனிதனுக்கும் டயருக்கும் ஒரே நீதிதான்: சும்மா கிடந்தால் உடம்பு கெடும்! வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மின்பொறி பறக்கும் மோட்டார் பக்கத்திலும் வெல்டிங் பட்டறையிலும் டயரை வைக்காதே என்கிறார்கள். அங்கே ஓசோன் உண்டாகும். மைத்துனன் காரை நிறுத்துவது எங்கே? தறிப் பட்டறையில், மோட்டாருக்குப் பக்கத்தில்!

ஆறு வருஷமானால் மாற்று என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் கூடாது என்று டயர் கம்பெனிகள் பலவும் சொல்கின்றன. கணக்கு, பில் தேதியிலிருந்து அல்ல, தயாரித்த தேதியிலிருந்து. நிழலில் ஒழுங்காக வைத்த டயர் ஆறு மாதம், ஒரு வருஷம் பழசாக இருந்தால் குற்றமில்லை. ஆறு வருஷம் வேறு கதை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஆபத்து கூட. ஏன் என்று என் பி.காம். மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்று கல்லூரியில் படித்தோமே, அந்தக் கணக்கு வேகமாக விற்கும் சரக்குக்குத்தான் தானாக நடக்கும். சாதாரணக் கார் டயர் வாரா வாரம் விற்கும். இந்த அகல டயரைக் கேட்டு வருஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? சைஸ் எத்தனை அபூர்வமோ, கிடங்கில் அத்தனை நாள் தவம்.

2013 நவம்பர் 30-ல் அமெரிக்காவில் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் போன போர்ஷே கரேரா ஜிடி கார் விபத்தில் சிக்கி, அவரும் ஓட்டிய நண்பரும் இறந்தார்கள். அளவுக்கு மீறிய வேகம்தான் காரணம் என்றது விசாரணை. கூடவே இன்னொன்றும் சொன்னது: அந்தக் காரின் டயர்களுக்கு ஒன்பது வயது.

நம்ம கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயனை மறந்திருக்க மாட்டீர்கள். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். அங்கே பிரச்னை வயது அல்ல. அந்த மைதானத்தின் சரிவான வளைவை ஒரு கம்பெனியின் டயர்கள் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அந்த டயர் போட்ட 14 கார்களும் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. ஓடியவை ஆறே ஆறு. அதில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் வாங்கினார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் புள்ளிகள்! நரேனுக்குக் கை தட்டிய நான், இப்போது அந்த 14 பேருக்கும் சேர்த்துத் தட்டுகிறேன். உலகமே பார்க்கும்போது, டயரில் சந்தேகம் என்று நிற்பதற்கும் தைரியம் வேண்டும்.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். சிரித்தார். "என்ன சார், டயர் என்ன தயிரா, நாளானா புளிச்சுப் போக?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சிலேடை எனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் வேறு. கடைசியில், தள்ளுபடிச் சரக்கு என்பதால் பாதி விலைக்குத்தான் திருப்பி எடுப்பேன் என்றார். 33,600-க்கு வாங்கியது 16,800-க்குப் போகும். புதுசுக்கு முழுசாக 48,000.

"வேண்டாம் மாமா. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். இதுவே இருக்கட்டும்" என்றான் மைத்துனன். பேரம் பேசியவன் நான். எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் சங்ககிரி வரை கூட்டிப் போகிறேன் என்று என் பெண்ணுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் திங்கட்கிழமையிலிருந்தே தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்புச்சி திண்ணையிலிருந்து மெல்லச் சொன்னார்:

"தொப்பூர் எறக்கம். எம்பத்தி மூணாம் வருஷம். முன் டயர் பஞ்சரு. ஸ்டெப்னி வருஷக்கணக்கா வண்டிக்கு அடியில சும்மா கெடந்தது. புதுசாட்டவே இருந்துச்சு கண்ணு. சந்தோஷமா எடுத்து மாட்டினேன். பாதி எறக்கத்துல வெடிச்சுது. எனக்கு ஒரு காது போச்சு. கிளீனர் பையனுக்குக் கால் போச்சு. பதினேழு வயசு அவனுக்கு. இன்னைக்கும் ஆடி நோம்பிக்கு வந்து என்னைப் பாத்துட்டுத்தான் போறான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியறதில்லை."

பட்டறையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"டயரை மாத்திரலாம்" என்றேன். "நஷ்டம் 16,800. பாதி என் பங்கு." அவன் வேண்டாம் என்றான். நான் விடவில்லை. 14,400 மிச்சம் பிடித்த பெருமைக்கு நான் கொடுத்த விலை 8,400 ரூபாய். வியாபாரத்தில் இதற்கு என்ன பெயர் என்று பி.காமில் சொல்லித் தரவில்லை. இந்தத் தடவை பணம் கொடுக்கும் முன்பே டார்ச் லைட் அடித்து நாலு எண்ணையும் படித்து, பில்லிலும் எழுதி வாங்கினோம். மாட்டும்போது தேதி வெளிப்பக்கம் வரும்படியும் பார்த்துக்கொண்டோம். என் பெண்ணின் சங்ககிரிப் பயணம் மூன்று வாரம் தள்ளிப் போனது. ரிப்பன் காத்திருந்தது.

கதை முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்ட பின் எனக்கு ஒரு யோசனை. என் பழைய சின்னக் காரின் டிக்கியைத் திறந்தேன். அடியில் ஸ்டெப்னி. ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. "ஆபத்துக்கு இருக்கட்டும்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்" என்று பலரிடம் பீற்றிக்கொண்ட டயர். மீசை கூட உதிரவில்லை.

டார்ச் அடித்தேன். 4011.

"ஏனுங்க, நடு ராத்திரியில டிக்கிக்குள்ள என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

2011-ம் வருஷம், நாற்பதாவது வாரம். எங்கள் பெண் பிறப்பதற்கும் முன்னால். அவளைப் பின் ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இந்தத் தைரியத்தில்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறேன்!

"ஒண்ணுமில்லை" என்றேன். "இங்கேயும் ஒரு அப்புச்சி இருக்கார். காலையில அவருக்கு ரிட்டயர்மென்ட் கொடுக்கணும்."