அப்பா வண்டியில 'கொர்ர்ர்'!

எங்கப்பா தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டாக்ஸி ஓட்டுறார். போன செமஸ்டர் லீவுல அவர் வண்டிக்கு நானே ஒரு மொபைல் சார்ஜர் செஞ்சு மாட்டினேன். சார்ஜ் சூப்பரா ஏறிச்சு. ஸ்டாண்டுல ஆறு பேர், "எனக்கும் ஒண்ணு தம்பி"ன்னு ஆளுக்கு 300 ரூபாய் அட்வான்ஸே கொடுத்துட்டாங்க. எக்ஸாம் ஃபீஸ் தேறிடுச்சுன்னு ஒரே குஷி!

மறுநாள் அப்பா கேட்டார்... "ஏன்டா, உன் டப்பாவை மாட்டினா எஃப்.எம். ஏன் கொர்ர்ருங்குது?"

இன்டர்ன்ஷிப் போற இடத்துல சீனியர் அண்ணாகிட்ட கேட்டேன். அவர் சிரிக்கலை. "12 வோல்ட்டை 5 ஆக்க உன் ஐ.சி. விநாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை ஆன்-ஆஃப் ஆகுது. அதுல கிளம்புற ரேடியோ இரைச்சலை வயர் ஆன்டெனா மாதிரி பரப்புது. வண்டியில எஃப்.எம். மட்டுமா இருக்கு? பிரேக்கையும் ஏர்பேகையும் கவனிக்கிற கம்ப்யூட்டரும் இருக்கே!" எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

இதுக்குன்னே ஏ.ஐ.எஸ்-004, பகுதி 3 என்று ஒரு விதி இருக்கிறது. ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி மையங்களில் டெஸ்ட் பண்றாங்க. கேள்வி ரெண்டே ரெண்டு. 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை நீ போடுற இரைச்சல் அளவுக்குள்ள இருக்கா? அடுத்தவன் இரைச்சல் போட்டா நீ தடுமாறாம இருப்பியா? நம்ம எஃப்.எம். 88-108... அதுக்குள்ளதான் வருது!

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா முகம் சுருங்கிடுச்சு. வயரைக் குறைச்சு, ஃபில்டர் போட்டு, தகர டப்பாவுல அடைச்சேன். இப்ப பாட்டு சுத்தமா கேக்குது.

"இனிமே விக்கலாமேடா?"ன்னார்.

"எஃப்.எம்.ல பாஸ்ப்பா... ஒரகடம் பாக்கி!"