பழைய சிபியுவுக்குக் காவல் வேலை

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை கண்ணு" என்கிறாள். நீயாவது உள்ளதைச் சொல்லு. உன் கடிதத்தில் மழை, மஞ்சள் விலை எல்லாம் எழுதிவிட்டு, விஷயத்தைக் கடைசி இரண்டு வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். அப்பாவின் பழைய டேலி கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல் கடைக்கு ஃபயர்வால் ஆக்கப் போகிறாயாம். அதற்கு இருப்பதிலேயே லைட்டான ஓ.எஸ். எது என்று அக்கா சொல்ல வேண்டுமாம். போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்க மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். கல்லாவில் உட்கார்ந்து மேலோட்டமாகப் பார்க்காதே, ராத்திரி நிதானமாகப் படி.

எண்ணம் நல்லதுதான். பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா டிவிஆர், வருகிறவர் போகிறவரெல்லாம் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொள்ளும் வைஃபை, எல்லாமே கடையில் ஒரே வலையில் கிடக்கின்றன. அது போதாதென்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் வீட்டிலிருந்தே டேலி பார்க்கட்டும் என்று 3389 போர்ட்டை வேறு திறந்து விட்டிருக்கிறாய். அந்தப் போர்ட்டைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டு மேல் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுக்க புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பொருந்திவிட்டால் எவனோ ஒருவன் கணக்கு முழுவதையும் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கேட்பான். டிவிஆரையும் சாதாரணமாக நினைக்காதே. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப் போட்டுத்தான் 2016 அக்டோபர் 21 அன்று மிராய் என்ற மால்வேர் அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தையே திணறடித்தது. அதை நம்பியிருந்த ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அன்றைக்குப் பலருக்குத் திறக்கவே இல்லை.

சரி, ஓ.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருந்த மோனோவால் அந்தக் காலத்துக்கு அருமையான சரக்கு. மேனுவல் காஸ்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் செய்தது, 16 எம்.பி. கார்டிலேயே அடங்கிவிடும். ஆனால் 2015 பிப்ரவரியோடு அவரே அதை நிறுத்திவிட்டு, ஓபிஎன்சென்ஸைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதே மாதிரியான ஐபிகாப்புக்கும் அந்த வருஷத்துக்குப் பிறகு புது வெளியீடு இல்லை. லைட்டாக இருக்கிறது என்று இவற்றைப் போட்டால், இத்தனை வருஷமாகத் தெரியவந்த ஓட்டை ஒன்றுகூட அடைபடாத காவல்காரனை வாசலில் நிறுத்துகிறாய் என்று அர்த்தம். எத்தனை எம்.பி. என்று அப்புறம் பார். நாளைக்கு ஓட்டை தெரிந்தால் அதை அடைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்.

"பழசு, 32 பிட்தான் ஓடும்" என்று நீயாக முடிவு கட்டாதே. நான் காலேஜில் சேர்ந்தபோது அப்பா வாங்கியது கோர் 2 டுயோ. அதில் போட்டிருந்த எக்ஸ்பி 32 பிட்டே தவிர, சிப் 64 பிட் சிப்தான். அதனால் ஓபிஎன்சென்ஸ்கூடப் போடலாம். ஆனால் அதற்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்பார்கள். உன்னிடம் இருப்பதே அவ்வளவுதான். போட்டால் ஓடும், இழுத்துக்கொண்டு ஓடும்.

எனக்குப் பிடித்தது ஓபன்பிஎஸ்டி. 2001-ல் அதற்கென்றே எழுதிய பிஎஃப் என்ற ஃபயர்வால்தான் பிறகு பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. விதிகளை வாசித்தாலே புரியும், அவ்வளவு சுத்தம். இருந்தும் உனக்கு அதைச் சொல்ல மாட்டேன். கரண்ட் பட்டென்று போய் வந்தால் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டுதான் எழும். சில சமயம் பாதியில் நின்று, கீபோர்டும் மானிட்டரும் மாட்டி ஆள் வந்து கட்டளை கொடுக்கட்டும் என்று காத்திருக்கும். திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்கு வந்த வியாபாரி பெட்ஷீட் கட்டோடு பில்லுக்கு நிற்கும்போது அங்கே யார் கட்டளை அடிப்பது? நீ எனக்குப் போன் போடுவாய், நான் தூக்கத்தில் எழுந்து உன்னைத் திட்டுவேன்.

அதனால் ஓபன்டபிள்யூஆர்டி போடு. 2004-ல் லிங்க்சிஸ் ரவுட்டருக்காகத் தொடங்கியது. இன்றைக்கும் திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது, சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று போட்டிருக்கும் கோப்பை எடு. அதில் மூல சிஸ்டம் எழுத முடியாத பகுதியில் இருக்கும். நீ செய்யும் மாற்றங்கள் தனியாக நிற்கும். கரண்ட் போனாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. செட்டிங்கைக் கெடுத்துக்கொண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். உன் 2 ஜிபி அதற்கு ஏராளம்.

போடும்போது கவனி. மதர்போர்டில் நெட்வொர்க் போர்ட் ஒன்றுதான், இன்னொரு கார்டு வேண்டும். இன்டெல் சிப் உள்ளதாக நான் வாங்கி வருகிறேன். ஓபன்டபிள்யூஆர்டி 192.168.1.1 என்ற முகவரியில் எழும். பிராட்பேண்டுக்காரர் வைத்த பெட்டியும் அதே முகவரியாக இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நம்முடையதை 192.168.10.1 ஆக்கிவிடு. டிவிஆரையும் வைஃபையையும் பில் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து வை. 3389-ஐ இன்றைக்கே மூடு. ஆடிட்டர் பையனுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் போட்டுத் தருகிறேன். அதற்காகப் பிராட்பேண்டுக்காரரிடம் பொது ஐ.பி. கிடைக்குமா என்று மட்டும் கேட்டு வை. பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்படி அமைத்துவிடு. பயாஸ் பேட்டரியையும் மாற்று; கடிகாரம் தப்பினால் வயர்கார்டும் மக்கர் பண்ணும்.

வீரப்பன்சத்திரம் குடோனிலேயே கிடந்த பெட்டி அது. தறிப் பஞ்சு ஃபேனில் திரண்டு அடைத்திருக்கும், திறந்து ஊது. கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அந்த போர்டை நம்பாதே. செலவையும் கணக்குப் போடு: 75 வாட் என்று வைத்தால் இரவு பகலாக ஓடி, இரண்டு மாத பில்லில் 108 யூனிட் ஏறும். 10 வாட் மினி பிசி என்றால் 15 யூனிட்டுக்குள் முடியும். ஒரு வருஷம் இதை ஓட்டிக் கற்றுக்கொள், பிறகு சின்னதாக ஒன்று வாங்கலாம். அப்பா பெட்டி என்று பாசம் வைக்கிறாய், புரிகிறது. அப்பாவே கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார்.

இன்னொன்று. மெயிலில் வந்த போலி இன்வாய்ஸைக் கடைப் பையன் திறந்தால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. டேலி டேட்டாவைத் தினமும் வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போ. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பில் கம்ப்யூட்டர்களில் என்ன ஓடுகிறது என்று எழுது.

கடைசியாகக் கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லு. மாதம் ஒருமுறை அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்துப் போடப்போவது யார்? நீ என்றால் புதன்கிழமை வருகிறேன், சந்தைக் கூட்டம் முடிந்திருக்கும், ஒரே நாளில் போட்டுவிடலாம். "யாராவது பார்த்துக்குவாங்க" என்றால் அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்கே போட்டுவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அக்கா