வாணமும் விமானமும்

விருதுநகர் வியாபார ஸ்தலம். எண்ணெயும் மிளகாய் வற்றலும் மணக்கும் ஊர். அதற்குத் தென்மேற்கே சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை வஞ்சித்த பூமி நெருப்பால் பிழைத்தது. தீப்பெட்டிப் படங்களைச் சேர்க்காத சிறுவர் அந்நாளில் அபூர்வம்.

விமான ரகங்களை அவ்வாறு சேர்ப்பவர்களும் உலகில் உண்டு. எந்த ஊருக்குப் போனோம் என்பதல்ல, எத்தனை ரகத்தில் ஏறினோம் என்பதே அவர்கள் கணக்கு. நமக்கும் அந்தப் பித்து சிறிது உண்டு. விருதுநகர்வாசிகளுக்கு அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. அங்கிருந்து சென்னைக்கு ஏ.டி.ஆர். 72-ல் பறந்தோம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கண்மாய்களும் காடுகளும் ஜன்னலில் நன்றாகத் தெரிந்தன. ஏர்பஸ் 320-ல் இறக்கை கீழே. அதன் அருகே அமர்ந்தால் பூமி மறைந்துவிடும். ஆனால் பிரயாணி எதில் ஏறினாலும் பட்டாசு கொண்டு போகலாகாது. வானத்துக்கென்றே செய்த வாணத்துக்கு விமானத்தில் இடமில்லை!

தொலைந்த தீப்பெட்டிப் படத்தை இன்னொரு சிறுவனிடம் மாற்றிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற விமானத்தை யாரிடம் மாற்றுவது? ஆங்கிலேயர் வகுத்த ஆவ்ரோ 748-ஐ நம்மவர் கான்பூரில் கட்டி 1961-ல் பறக்கவிட்டார்கள். பிற்பாடு இந்தியன் ஏர்லைன்ஸில் அது பிரயாணிகளைச் சுமந்தது. இன்று அதற்கு டிக்கெட் கிடையாது. எனினும் கான்பூரிலேயே கட்டிய, பதினேழு ஆசனங்கள் கொண்ட டோர்னியர் 228, 2022 ஏப்ரலில் திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்குப் பிரயாணிகளோடு பறந்தது. ரகம் சேர்க்கும் நேயர்கள் அயல்நாட்டு விமானங்களைத் தேடுமுன் அதில் ஒருமுறை ஏறட்டும். ஏட்டின் முதல் பக்கம் நம் நாட்டில் கட்டியதற்கே உரியது.