பீரோவுக்கு வெளியே

புதுச்சேரியில், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. மதியச் சோறு முடிந்து முதல் பீரியட். டீச்சர் பீரோவைத் திறந்து, இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நைலான் கயிறு கட்டுகிறார். மெல்லிய கதைப் புத்தகங்கள் துணி கிளிப்பில் தொங்குகின்றன. தடித்தவை பாயில் பரப்பப்படுகின்றன. கூடவே பழைய ‘துளிர்’ இதழ்கள் ஒரு கட்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987 முதல் நடத்தும் சிறுவர் இதழ் அது. அட்டை போனவைகூட பாயில் இடம் பிடித்திருக்கின்றன.

“எதை வேணா எடுங்க. பிடிக்கலைன்னா வெச்சிட்டு வேற எடுங்க” என்கிறார். கேள்வி கேட்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறார். பிறகு தானும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்காருகிறார். நோட்டு திருத்தவில்லை, போனைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அவரை ஓரக்கண்ணால் கவனிக்கிறார்கள். டீச்சர் நிஜமாகவே படிக்கிறார் என்று உறுதியான பிறகுதான் கைகள் கயிற்றுக்கு நீள்கின்றன.

ஒரு சிறுமி விரல் வைத்து, உதடு அசைத்துப் படிக்கிறாள். ‘ற்ற’ வரும் இடத்தில் விரல் நிற்கிறது, பின்னால் போகிறது, மறுபடி வருகிறது. அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வரும் பையன் ஒருவன் வேகவேகமாகப் பக்கம் புரட்டுகிறான். அவனுக்குப் படம் போதும். மீன்கள் பற்றிய புத்தகத்தில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான்.

“டீச்சர், இதப் போய் வஞ்சிரம்னு போட்டிருக்கு. இது சூரை.”

“எப்படிச் சொல்ற?”

“ஒடம்பப் பாருங்க, உருண்டையா இருக்கு. வஞ்சிரம் நீட்டமா இருக்கும்.”

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்க்கிறார். “உனக்குத்தான் தெரியும். வேற எங்கெல்லாம் தப்பா போட்டிருக்குன்னு பாரு” என்று திருப்பித் தருகிறார்.

இப்போது அவன் முதல் பக்கத்துக்குப் போகிறான். தப்பு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் படத்துக்குக் கீழே உள்ளதைப் படித்தாக வேண்டும். எழுத்துக் கூட்டுகிறான். பக்கத்திலிருப்பவனை “இது என்ன எழுத்துடா?” என்று கேட்கிறான். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பிள்ளையாக இருக்கலாம். இங்கே அவன் மீன்களுக்கு அத்தாரிட்டி. படிப்பில் ருசி உண்டாவது இப்படித்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று புத்தகத்துக்குள் இருக்க வேண்டும், அதோடு சண்டை போட அவனுக்கு உரிமையும் வேண்டும்.

பல பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. அது பீரோவுக்குள் இருக்கிறது. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஸ்டாக் கணக்கு ஆசிரியர் தலையில் விழுவதால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால், பூட்டி வைத்ததையும் கரையான் அரிக்கத்தான் செய்கிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, நூல் என்பது பயன்படுத்துவதற்கு என்பதுதான்.

இந்த மண்ணுக்குப் படிப்பு புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களையே மானியமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. ஆசிரியராக இருந்த கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த சேலியமேடும் இதே பாகூர்க் கொம்யூனில்தான். இன்றைய பிள்ளைகளுக்கு ஊரை எழுதிவைக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு பீரியட், கணக்குப் பாடத்துக்குக் கடன் போகாமல் கிடைத்தால் பெரிய காரியம்.

மணி அடிக்கிறது. பையன் புத்தகத்தை வைக்கவில்லை.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா டீச்சர்? தாத்தாகிட்டக் காட்டணும்.”

டீச்சர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டுகிறார். பெயர், புத்தகம், தேதி. அவன் எழுதி முடிப்பதற்குள் விரல் வைத்துப் படித்த சிறுமி பின்னால் வந்து நிற்கிறாள். அவளுக்கும் அந்த மீன் புத்தகம்தான் வேண்டுமாம்.

“வெள்ளிக்கிழமை கொண்டாந்துடுவான். அடுத்து உன் பேரை எழுதிக்கோ.”

எழுதிக்கொள்கிறாள்.