நனைத்துப் பார்த்த கல்

கல்லை எடை போடுவதற்கு முன்னால் நனைத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவிடம் நான் கற்ற முதல் பாடம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டிய கிரானைட் பிளாக்குகள் கப்பலேறி சீனாவின் சியாமென் துறைமுகத்தில் வந்து இறங்கும். அவற்றைச் சரிபார்த்து, ஷுய்தோ என்ற ஊரின் அறுவை ஆலைகளுக்கு அனுப்பி வைப்பது அப்பாவின் வேலை. வாங்க வந்தவர் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கல்லின் மேல் வீசி ஊற்றுவார். அதுவரை சாம்பல் பூசிக் கிடந்த பாரடைசோ, ஊதாவும் கருஞ்சிவப்புமாக வரிவரியாய் விழித்துக்கொள்ளும். "காஞ்ச கல்லு பொய் சொல்லும் கண்ணு. தண்ணி பட்டாதான் அது யாருன்னு தெரியும்" என்பார்.

எட்டு வயதில் என்னை சியாமெனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சீனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே சேர்த்தார்கள். இரண்டு வருடத்தில் சீன மொழி நாக்கில் ஏறிவிட்டது. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மசாலாப் பொட்டலங்களின் உறைகளைக்கூடக் கழுவி எடுத்து வைத்திருந்தேன், அவற்றின் மேல் தமிழ் இருந்ததால்.

அதனால்தான் சியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் அந்தக் கல் முன்னால் நின்றபோது எனக்கு மூச்சே நின்றதுபோல் இருந்தது. கல்லில் தமிழ். பழைய எழுத்துதான், நான் படித்த அரிச்சுவடி போல இல்லை. ஆனாலும் விரலை வைத்துக்கொண்டு தேடினால் அங்கங்கே ஒரு 'ப', ஒரு 'ம', ஒரு 'ன' கிடைத்தது. கீழே கடைசி வரி மட்டும் சீன எழுத்து. அப்பா மேலே தடுமாற, நான் கீழே தடுமாறினேன்.

சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281 ஏப்ரல். குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலம். தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள், கானின் உடல் நலத்துக்காக, கானின் பர்மான், அதாவது அரசாணை, பெற்று, திருக்கதலீசுவரமுடைய நாயனாரான சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. ஒரு மங்கோலிய அரசனுக்காக, பாரசீகத்திலிருந்து வந்த 'பர்மான்' என்ற சொல்லோடு, சீன மண்ணில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. 1956-இல் இது கிடைத்தது சியாமெனில் இல்லை, வடக்கே இருக்கும் சுவான்சோவில். கல் இங்கே இருக்கிறது. அது நின்ற கோயில் அந்த ஊரில் இருந்தது. இப்போது கோயில் இல்லை. ஆனால் அங்கே கையுவான் என்ற புத்தர் கோயிலில் அந்தப் பழைய கோயிலின் இரண்டு தூண்கள் இருக்கின்றன என்று அப்பா சொன்னார். "ஒருநாள் போய் அது என்ன கல்லுன்னு பாக்கணும்."

அந்த ஒருநாள் 2013-இல் சிங்மிங் விடுமுறையில் வருவதாக இருந்தது. சிங்மிங் என்றால் ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைப் பெருக்கித் துடைத்துப் படையல் வைக்கும் நாள். முந்தின இரவு அப்பாவுக்குப் போன் வந்தது. கப்பல் வந்துவிட்டது, பிளாக் இறக்கியாக வேண்டும். நான் அழவில்லை. "நான் போறேன்ப்பா" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "பதினாலு வயசுப் புள்ளய தனியாவா?" என்றாள். அவர்கள் இருவரும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் புளிசாத டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மேசைமேல் இருந்தன. அதுதான் பதில்.

ஸ்டேஷனில் அப்பா என்னைக் கவுன்டருக்கு முன் நிறுத்தினார். அந்த நாட்களில் சீன ரயிலில் பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்து டிக்கெட் இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். சுவரில் கோடு போட்டிருக்கும். 1.2 மீட்டருக்கு மேல், 1.5 மீட்டருக்குள் என்றால் அரை டிக்கெட். தனியாகப் போகிற நாளிலாவது முழு டிக்கெட் வாங்கிவிட வேண்டும் என்று முதுகை நிமிர்த்தி நின்றேன். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்து என் பெயரை அச்சடித்துக் கொடுத்த நீல நிற அட்டையில் 'ஹாய்', குழந்தை, என்ற ஒற்றை எழுத்து இருந்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. மை முழுக்க வெளுத்துவிட்டது. எழுத்து இருந்த இடம் எனக்கு மட்டும் தெரியும்.

சியாமென் ஒரு தீவு. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடலாகிவிட்டது. ராமேசுவரம் போகும்போது பாட்டி பாம்பன் பாலத்தில் காசு போட்டது நினைவு வந்தது. இங்கே ஜன்னல் திறக்காது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம். காலடியில் ஒரு பை நிறையக் காகிதப் பணம், ஊதுவத்திக் கட்டு, ஆரஞ்சுப் பழங்கள். தாத்தாவுக்குப் படையல் வைக்கப் போகிறார்கள். அந்த அம்மா ஒரு பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். ஜின்ஜியாங் வந்தது, அவர்கள் இறங்கினார்கள். அடுத்தது சுவான்சோ. தொடங்கிய உடனே முடிந்துவிட்ட பயணம் அது. இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய ஒரே ரயில் அதுதான்.

ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஒரு மதிலுக்கு மேலே இலையே இல்லாத கிளைகளில் கிளிமூக்குப் போலச் சிவப்புப் பூக்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கல்யாண முருங்கை. பாட்டி வீட்டு வேலியில் நின்ற மரம். சளி பிடித்தால் அதன் இலையை அரைத்து அரிசிமாவோடு சேர்த்து வடை தட்டிக் கொடுப்பாள். இந்த ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான் முன்பு. பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றி நட்டார்களாம். 'சித்தோங்' நகரம் என்று பெயர் வந்தது. சீனப் பெயரிலும் முள் இருக்கிறது, நம் 'முள்முருங்கை'யிலும் முள் இருக்கிறது. அரபு வணிகர்கள் வாயில் அது சைத்தூன் ஆகிவிட்டது, அவர்கள் மொழியில் ஒலிவம். மார்க்கோ போலோ எழுதியதும் அந்தப் பெயரைத்தான். 1340-களில் வந்த இப்னு பதூதா, பெயர்தான் அப்படி, இங்கே ஒலிவ மரமே இல்லை என்று குறித்து வைத்தார்.

மேற்குத் தெருவில் இறங்கினேன். சிவப்புச் செங்கல் வீடுகள், தகைவிலான் குருவியின் வால் போல இரண்டாகப் பிரிந்து மேலே வளையும் கூரை முனைகள். எல்லோரும் பேசியது மின்னான் மொழி, எனக்குப் பாதிதான் புரிந்தது. தெருவின் தலைக்கு மேல் இரண்டு கல் கோபுரங்கள் எழுந்து நின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மரக் கட்டுமானம் போலவே கல்லில் எழுப்பியவை. கிழக்கே நிற்பது 48 மீட்டர். மேற்குக் கோபுரத்தில் கத்தியோடு ஒரு குரங்கு முகச் சிற்பம் உண்டு. அனுமனின் சாயல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து தேடினேன்.

கையுவான் கோயில் 686-இல் எழுந்தது. அந்த இடம் முன்பு ஒரு முசுக்கொட்டைத் தோட்டம். கோயில் கட்ட நிலம் கேட்ட துறவியிடம், என் முசுக்கொட்டை தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம் உடையவர். பூத்தது. நூறு தூண் மண்டபம் என்று பெயர் பெற்ற பெரிய மண்டபத்தில் உண்மையில் 86 தூண்கள்தான். அதன் முன்மேடையின் அடிவரிசையில் மனித முகமும் சிங்க உடலுமாகச் சிற்பங்கள் ஓடுகின்றன. அவையும் அழிந்துபோன அந்தச் சிவன் கோயிலிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. தூண்கள் பின்புறம் என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார். ஊதுவத்திப் புகையைத் தாண்டி, மழைத் தூறலில், மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பின்தாழ்வாரத்தின் நடுவில், மற்ற தூண்களோடு சேராமல் இரண்டு மட்டும் வேறு மாதிரி நின்றன. பதினாறு பட்டை. இடையிடையே சதுரக் கட்டு, ஒவ்வொரு முகத்திலும் வட்டத்துக்குள் ஒரு சிற்பம். முதல் வட்டத்திலேயே நரசிம்மர், மடியில் இரணியன். அடுத்த பக்கம் யானையின் காலைக் கவ்விய முதலை. சுற்றி வந்தேன். இன்னொன்றில் சின்னப் பையன் ஒருவன் இரண்டு மரங்களுக்கு நடுவே நிற்கிறான். உரல். உரலில் கட்டிய கண்ணன். அந்தக் கண்ணனின் கன்னம் எனக்கு என் வகுப்புப் பையன்களின் கன்னம் போலத் தெரிந்தது.

1357 முதல் பத்தாண்டு காலம் அந்த ஊரில் பாரசீகப் படையினரின் கலகம் நடந்தது. அது அடங்கியபோது வெளிநாட்டு வணிகர்களின் வாழ்வும் அடங்கிப்போயிற்று. பின்னர் மிங் ஆட்சியில் கையுவான் கோயிலைப் புதுப்பித்தவர்கள், கிடந்த கற்களில் நல்ல தூண்களாக இந்த இரண்டையும் எடுத்து நட்டார்கள். உடைத்து அடித்தளத்தில் போட்டிருக்கலாம், சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கலாம். நரசிம்மரை நரசிம்மராகவே நிறுத்தினார்கள். அந்தக் கொத்தனார்களை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். 1933-இல் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு வட்டத்திலும் எந்தக் கதை என்று உலகத்துக்கு அடையாளம் சொன்ன எழுத்து அது.

ஒரு பாட்டி ஊதுவத்தியோடு வந்தார். எல்லாச் சந்நிதியிலும் கும்பிட்டுவிட்டு வந்தவர், நான் தூணையே வட்டமிடுவதைப் பார்த்து நின்றார். மின்னானில் ஏதோ கேட்டார். புரியவில்லை என்றதும் சீன மொழிக்கு மாறி, "தனியாகவா வந்தாய்? எந்த ஊர்?" என்றார். இந்தியா என்றேன். பிறகு ஏனென்று தெரியாமல், கண்ணனைக் காட்டி, "பாட்டி, இந்தப் பையனை எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னேன். வெண்ணெய் திருடியது, அம்மா பிடித்து உரலில் கட்டியது, அவன் உரலை இழுத்துக்கொண்டே போய் மரங்களைச் சாய்த்தது. வெண்ணெய்க்குச் சரியான சொல் தெரியாமல் பாலிலிருந்து வருவது என்றேன். உரலுக்கு அரிசி குத்தும் கல் என்றேன். ஆறு வருடமாக அந்த நாட்டில் எல்லாவற்றையும் எனக்கு யாராவது விளக்கிக்கொண்டே இருந்தார்கள்: இது எங்கள் பண்டிகை, இது எங்கள் பலகாரம், இதை இப்படிப் பிடி. அன்று முதன்முறையாக நான் விளக்கினேன், அவர்கள் கோயிலிலேயே. பாட்டி, "என் பேரனும் இப்படித்தான், கட்டித்தான் போட வேண்டும்" என்று சிரித்தார். மிச்சமிருந்த ஊதுவத்தியில் மூன்றை என் கையில் கொடுத்தார்.

அவர் போனபின் அப்பா நினைவு வந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிய மழையில் விரலை நனைத்து, யாரும் பார்க்காத அடிப்பகுதியில், ஒரு காசளவு தடவினேன். சாம்பல் நிறம் விலகி உள்ளிருந்து பச்சை கசிந்தது. நெடுநேரம், காயும்வரை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலமரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். தெருவோரம் சுன்பூ மீனவப் பெண்கள் சிப்பிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ, மொட்டு, மீண்டும் பூ. வேலைக்கு வரும்போதும் தலை நிறையப் பூ வைத்துக்கொள்ளும் பெண்களை நான் சீனாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. சியாமென் வந்த நாளிலிருந்து பூ இல்லாத தலையோடு இருப்பதாக அம்மா வருத்தப்படுவாள். இந்தப் பூ எங்கே கிடைக்கும் என்று ஒருவரிடம் கேட்டேன். "யாருக்கு?" என்றார். "அம்மாவுக்கு." அவர் சிப்பி உடைத்த கையை முந்தானைத் துணியில் துடைத்துக்கொண்டு, தன் தலையிலிருந்து வெள்ளை மொட்டுச் சரம் ஒன்றை ஊசியோடு கழற்றிக் கொடுத்தார். காசை வாங்கவில்லை. காலி டப்பாவைத் தெருக்குழாயில் கழுவிச் சரத்தை அதில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அம்மா டப்பாவைத் திறந்தாள். ஒன்றும் பேசவில்லை. சரத்தை இரண்டாகக் கிள்ளி, ஒன்றை முருகன் படத்துக்கு வைத்துவிட்டு, மற்றதைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். லேசாகப் புளி வாசமும் அடித்தது.

அப்பா துறைமுகத்திலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் செல்போனில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம கல்லு மாதிரிதான் இருக்கு" என்றார்.

"இல்லப்பா. நனைச்சுப் பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"ஒரு காசு அளவு."

"என்ன கலர் வந்துச்சு?"

"பச்சை."

"அப்ப இங்கத்திக் கல்லுதான்" என்றார் அப்பா. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணனின் கையை, உரலின் கயிற்றை, மரத்தின் இலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "செதுக்கினவனுக்குக் கதை யாரு சொல்லியிருப்பா?"